பாய்மரப் படகின் உறுப்புகள்

ஒரு பொருளின் பெயரை அறிதல் வேறு. அப்பொருளை அறிதல் வேறு. இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டு நான் ஒரு முறை கடலுக்குச் சென்றேன்.

அது 1978-ஆம் ஆண்டின் கோடை விடுமுறை. எனக்கு அப்பொழுது வயது 18. புலவர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். சங்க நூல்களில் கலங்களைப் பற்றி வரும் சொற்களை எல்லாம் ஒரு சிறு குறிப்பேட்டில் தொகுத்து வைத்திருந்தேன். பாய்மரத்திற்குக் கூம்பு என்று பெயர். பாய்க்கு இதை என்று பெயர். மேலே விரிக்கும் பாய் மீப்பாய். கூம்பையும் மீப்பாயையும் களையாமலே புகார்த் துறைக்குள் புகுந்த பெருங்கலம் ஒன்றைப் புறநானூற்றுப் பாட்டொன்று காட்டும். காற்றை ஏவல்கொண்டு நாவாய் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று கரிகால் வளவனை வெண்ணிக்குயத்தியார் பாராட்டுவார். இவற்றை எல்லாம் நெட்டுருவாக அறிந்திருந்த எனக்கு, படகைப் பற்றி இனி அறியவேண்டுவது அதனை ஒரு முறை கண்ணால் காண்பது ஒன்றே என்னும் எண்ணம் இருந்தது.

என் தாய்மாமன் இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கு அருகே ஒரு கடற்கரைச் சிற்றூரில் குடியிருந்தார். அவருடைய நண்பர் ஒருவருக்கு வள்ளம் ஒன்று இருந்தது. அந்நண்பர் இளமையில் தூத்துக்குடித் தோணிகளில் தண்டலாக வேலை பார்த்தவர். தோணியைச் செலுத்தும் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். முதுமையில் ஊருக்குத் திரும்பி, இரு மைந்தர்களோடு வள்ளத்தில் மீன் பிடித்து வந்தார். "படித்த பிள்ளை, கடல் பார்க்க ஆசைப்படுகிறான்" என்று மாமா என்னை அவரிடம் ஒப்படைத்தார்.

வள்ளம் அப்பொழுது மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. பெரியவர் நெடுமரத்தைத் தட்டிக் காட்டி, "இது என்ன, சொல்லு தம்பி" என்றார். "கூம்பு" என்றேன். அவர் தம் மைந்தர்களைப் பார்த்தார். அவர்கள் கடலைப் பார்த்தார்கள். "எங்களுக்கு இது பாய்மரம்" என்று சொல்லிவிட்டு, வள்ளத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி வந்தார். நான் குறிப்பேட்டை விரித்து எழுதிக்கொண்டே பின்னால் நடந்தேன்.

மாணாக்கர்களே! அன்று நான் எழுதிக்கொண்டவற்றை முதலில் உங்களுக்குக் கூறுகின்றேன்.

படகின் அடியில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஓடும் கட்டைக்கு ஏரா என்று பெயர். நம் உடம்பில் முதுகெலும்பு எவ்வாறோ, படகிற்கு ஏரா அவ்வாறு. அதிலிருந்து இருபுறமும் வளைந்து எழும் கட்டைகள் வங்குகள். இவை விலா எலும்புகள் போன்றவை. வங்குகளின்மேல் பலகைகளை அடுக்கி ஆணியடித்து உடலை அமைப்பர். பலகைகளின் இடுக்குகளில் பருத்தி நூலைத் திணித்து, நீர் புகாதபடி மெழுகுவர். இவ்வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். சென்னைக் கடற்கரையில் முற்காலத்தில் வழங்கிய மசுலாப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்பொழுது ஆணியடித்த பலகை பிளந்துபோகும். தைத்த பலகை வளைந்து கொடுக்கும். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலில் வந்த துரைமாரும் தூதுவரும் அந்தத் தையற் படகில்தான் அலைகடந்து கரையேறினார்கள்.

படகின் முன்பகுதி அணியம் எனப்படும். அணியம் கூர்மையாய் இருந்து நீரைப் பிளக்கும். பின்பகுதி பின்தலை. பின்தலையில் தொங்குவது சுக்கான். சுக்கானின் தலையில் ஒரு கைமரம் செருகியிருக்கும். அதனைப் பிடித்துத்தான் படகைத் திருப்புவர். கைமரத்தை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். முதன்முதல் சுக்கான் பிடிப்பவர் எல்லாரும் இதில் தடுமாறுவர். இன்னொன்றும் நினைவில் இருக்கவேண்டும். படகு ஓடினால்தான் சுக்கானுக்கு வேலை உண்டு. நின்ற படகில் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. ஓடும் நீர் அதன்மேல் மோதும்பொழுதே அது படகைத் திருப்பும் ஆற்றலைப் பெறுகிறது.

நங்கூரம், துடுப்பு, நீர் இறைக்கும் தகரக் குவளை ஆகியவற்றை நீங்களே அறிவீர்கள்.

பாய்மரத்தின் அடி, ஏராவின்மேல் பொருத்திய கட்டையின் குழியில் நிற்கும். அம்மரத்தில் குறுக்காக, ஒருபுறம் தாழ்ந்தும் ஒருபுறம் உயர்ந்தும் தொங்கும் நீண்ட கழிக்குப் பருமல் என்று பெயர். அந்த வள்ளத்தின் பருமல் பாய்மரத்தைக் காட்டிலும் நீளமாக இருந்தது. முக்கோணப் பாயின் ஓர் ஓரத்தைப் பருமலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பருமலை மேலே ஏற்றினால் பாயும் கூடவே ஏறும்.

இனிக் கயிறுகள். பெரியவர் மூன்று கயிறுகளின் பெயர்களைச் சொன்னார்: ஆஞ்சான், தாமான், கோசு. அவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதிய பின் அடியில் கோடும் இட்டேன். நூல்களில் நான் காணாத சொற்கள் அல்லவா! வீடு திரும்பியதும் அகராதியில் தேடிப் பார்க்கவேண்டும் என்று எண்ணினேனே தவிர, எந்தக் கயிறு எந்த வேலைக்கு என்று அவரைக் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன் கடலுக்குப் புறப்பட்டோம். பெரியவர், அவருடைய மைந்தர் இருவர், பத்து வயதுடைய பேரன் ஒருவன், நான் ஆக ஐவர். பாக்கு விரிகுடா ஆழமற்றது. அகன்ற ஏரி போன்றது. அதன் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா ஆழமும் அலையும் மிக்கது. ஆகவே பாக்கு விரிகுடாவைப் பெண்கடல் என்றும், மன்னார்க் கடலை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். பெண்கடல்தானே என்னும் துணிவு எனக்கும் இருந்தது. காலையில் சோளகம் எனப்படும் தென்காற்று மெல்ல வீசியது. பாய் புடைத்து நின்றது. ஓசையே இல்லாமல் நீரின்மேல் செல்லும் அந்த இன்பத்தை இயந்திரப் படகில் மட்டுமே சென்றவர் அறியமாட்டார்.

பிற்பகலில் கரை நோக்கித் திரும்பினோம். அப்பொழுது மேற்கு வானம் கறுத்தது. சோளகம் திடீரென்று ஓய்ந்தது. பெரியவர் மேற்கே பார்த்து, "கச்சான் வருது" என்றார். மேல்காற்றுக்குக் கடற்கரையில் கச்சான் என்று பெயர். அவர் சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. வள்ளம் ஒருபுறமாகச் சாய்ந்தது. மூத்த மைந்தர் காற்று வரும் பக்கத்தில் வெளியே நீட்டியிருந்த பலகையில் ஏறி, அதன் நுனியில் போய் அமர்ந்தார். அப்பகுதி வள்ளங்களில் அத்தகைய பலகை உண்டு. ஆள் அதன்மேல் அமர்ந்து தம் உடம்பின் எடையால் படகைச் சமன்செய்வார். இளையவர் நீர் இறைக்கத் தொடங்கினார். சுக்கானை இரு கைகளாலும் பற்றியிருந்த பெரியவர் என்னை நோக்கி உரக்கக் கூவினார்:

"தம்பி, தாமானை விடு!"

என் அருகே இரண்டு கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. ஒன்று வலப்பக்கத்தில், மற்றொன்று இடப்பக்கத்தில். தாமான் என்னும் சொல் எனக்குத் தெரியும். அதனை எழுதிய பக்கமும், அடியில் இட்ட கோடும் கண்முன் தெரிந்தன. ஆனால் இவ்விரு கயிறுகளில் தாமான் எது என்பது தெரியவில்லை. இறுக்கமாய் நின்ற கயிறே அதுவாக இருக்கும் என்று எண்ணி, அதன் கட்டை அவிழ்த்துவிட்டேன்.

அது ஆஞ்சான்.

பருமல் மேலிருந்து சடசடவென்று இறங்கியது. அதன் அடிப்பகுதி பேரன் அமர்ந்திருந்த இடத்திற்கு ஒரு முழத் தொலைவில் வந்து விழுந்தது. பாயின் பெரும்பகுதி நீரில் வீழ்ந்து, நீரை வாரிக்கொண்டு வள்ளத்தை மேலும் சாய்த்தது. தாங்குவதற்குக் கயிறின்றிப் பாய்மரம் ஆடியது. விளிம்பைத் தாண்டிக் கடல் உள்ளே வந்தது. பெரியவர் சுக்கானைக் காலால் அணைத்துக்கொண்டு பாய்ந்து வந்து, மற்றக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நீரில் கிடந்த பாய் தன் பிடியை விட்டது. வள்ளம் மெல்ல நிமிர்ந்தது. நால்வரும் நீர் இறைத்தோம். பேரனும் ஒரு குவளையால் இறைத்தான். அவன் அழவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாக இருந்தது.

காற்று அரைமணி நேரத்தில் தணிந்தது. பாயை மீண்டும் ஏற்றினோம். கரை சேரும்வரை பெரியவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்று இரவு, உணவுக்குப் பின், அவரே என்னைத் தேடி வந்தார். "வா தம்பி, கயிறு படிப்போம்" என்று கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். நிலவு இல்லாத இருட்டு. விளக்கு எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "எதற்கு? இரவில்தானே கடலுக்குப் போகிறோம். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, கைக்கும் காதுக்கும்தான் வேலை" என்றார். வள்ளத்தில் என்னை ஏற்றி, ஒவ்வொரு கயிற்றையும் தொட்டு, இழுத்து, தளர்த்தி, அதன் மறுமுனை எங்கே போய் முடிகிறது என்று கையாலேயே தடவி அறியும்படி செய்தார். அன்றிரவு கற்றதை இப்பொழுது உங்களுக்கு விளக்குகின்றேன்.

ஆஞ்சான் என்பது பருமலையும் பாயையும் மேலே ஏற்றும் கயிறு. அது பாய்மரத்தின் உச்சியிலுள்ள துளையின் வழியே சென்று, மறுபுறம் இறங்கி, காற்று வரும் பக்கத்தில் கட்டப்படும். அங்கே கட்டுவதற்குக் காரணம் உண்டு. காற்று பாயைத் தள்ளும். பாய் மரத்தைத் தள்ளும். மரம் அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். எதிர்ப்பக்கத்தில் இறுக்கிக் கட்டிய ஆஞ்சான் மரம் சாயாதபடி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஏற்றுதல், தாங்குதல் என்னும் இரண்டு வேலைகள் அந்த ஒரு கயிற்றுக்கு. அதனை நான் அவிழ்த்தபொழுது பாய் வீழ்ந்ததோடு மரமும் ஆடியது இதனாலேதான்.

கோசு என்பது பாயின் முன்மூலையை அணியத்தோடு பிணைக்கும் கயிறு. அது தளர்ந்தால் பாயின் முகம் நில்லாமல் படபடக்கும்.

தாமான் என்பது பாயின் பின்மூலையில் கட்டிய கயிறு. பாய் காற்றை எவ்வளவு ஏற்கவேண்டும் என்பதை முடிவு செய்வது இதுவே. இதனை இழுத்தால் பாய் உள்ளே வந்து காற்றை முழுதும் தாங்கும். விட்டால் பாய் வெளியே பறந்து காற்றை நழுவவிடும். புயற்காற்று மோதும்பொழுது படகைக் காப்பதற்கு விரைவான வழி தாமானை விடுவதே. பாயை இறக்க வேண்டியதில்லை. படகைத் திருப்ப வேண்டியதும் இல்லை. கயிற்றைக் கைநழுவ விட்டால் போதும். கொடி போலப் பாய் காற்றோடு பறக்கும்; படகு நிமிர்ந்துவிடும். ஆகையால் காற்று மாறிமாறி அடிக்கும் நாளில் தாமானை முடிச்சிட்டுக் கட்டலாகாது. ஒரு கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்திருக்கவேண்டும்.

தாமான் என்னும் சொல்லை ஊர் திரும்பிய பின் ஆராய்ந்தேன். பாரசீகத்தில் 'தாமன்' என்றால் ஆடையின் கீழ்விளிம்பு. பாயின் கீழ்விளிம்பைப் பற்றிய கயிறு ஆதலால் அப்பெயர் பொருந்தியது. சுக்கான், மாலுமி என்பவை அரபுச் சொற்கள். நம் துறைகளுக்கு அரபு நாட்டுக் கலங்களும் பாரசீகக் கலங்களும் நெடுங்காலம் வந்துபோனமையால், பல நாட்டு மாலுமிகளும் ஒரே கலத்தில் வேலை செய்தனர். ஆபத்து வந்த கணத்தில் அனைவருக்கும் விளங்கும் சொல் ஒன்றே வேண்டியிருந்தது. அது எந்த மொழிச் சொல் என்று ஆராய்வதற்கு அங்கே பொழுது ஏது? நாமும் கொடுத்தோம், நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'காட்டமரான்' ஆயிற்று. ஆங்கிலேயருடைய கப்பற் சொற்களும் புதியவரை மயக்குபவையே. தாமானுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஷீட்'. விரிப்பைக் குறிக்கும் சொல் ஆயிற்றே, பாயைத்தான் சொல்கிறார்கள் என்று கருதிப் பாயைத் தேடுபவன், கயிற்றைத் தேடவேண்டிய நேரத்தில் என்னைப் போல விழிப்பான்.

அன்று காற்று தணிந்த பின் நாங்கள் கரை சேர்ந்த வகையையும் சொல்லவேண்டும். கரை மேற்கே இருந்தது; காற்றும் மேற்கிலிருந்தே வந்தது. எதிர்காற்றில் பாய்மரப் படகு எவ்வாறு செல்லும்? நேராகச் செல்லாது. எந்தப் பாய்மரப் படகும் காற்றின் முகத்துக்கு நேரே ஓடமுடியாது. ஆனால் காற்றுக்குச் சாய்வாக ஓடமுடியும். முதலில் வடமேற்காகச் சிறிது தொலைவு. பிறகு பருமலையும் பாயையும் மரத்தின் மறுபுறத்துக்கு மாற்றித் தென்மேற்காகச் சிறிது தொலைவு. இவ்வாறு மாறிமாறி ஓடி, மலைப்பாதையில் ஏறும் வண்டி போலக் காற்றின்மேல் ஏறிச் சென்றோம்.

இதற்குத் துணைசெய்தது நான் அதுவரை ஒரு பொருட்டாக எண்ணாத ஓர் உறுப்பு. வள்ளத்தின் பக்கத்தில் ஒரு தடித்த பலகை தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்குச் சாய்வாக ஓடும்பொழுது அதனைக் காற்று ஒதுங்கும் பக்கத்தில் நீருக்குள் இறக்கினார்கள். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். நீருக்குள் நிற்கும் அகன்ற பலகை பக்கவாட்டில் நகரவிடாது. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கு இடையே வைத்து அழுத்திப் பாருங்கள். அது பக்கத்தில் போக வழியின்றி முன்னே தெறித்து ஓடும். காற்று ஒரு விரல். பலகையைத் தாங்கும் நீர் மற்றொரு விரல். இடையில் அகப்பட்ட படகு முன்னே ஓடுகிறது. ஆழ்கடற் கலங்களுக்கு ஏராவே ஆழமாக அமைந்து இவ்வேலையைச் செய்யும். பாக்கு விரிகுடாவில் ஆழமான ஏரா தரைதட்டிவிடும். ஆகவே வேண்டும்பொழுது இறக்கி, கரைக்கு வரும்பொழுது தூக்கிக்கொள்ளும் பலகையை அங்குள்ளோர் வைத்துக்கொண்டார்கள். சென்னையில் மீன்துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். நம் மீனவர் கலங்களின் இத்தகைய நுட்பங்களை அவர் ஊர் ஊராகச் சென்று கண்டு எழுதிவைத்தார். நம்மவர் நூல்களில் கூம்பைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், அயல்நாட்டார் ஒருவர் மணலில் அமர்ந்து வள்ளத்தை அளந்தார் என்பதை எண்ணும்பொழுது, என் குறிப்பேட்டை நினைத்து நான் நாணுவதுண்டு.

அந்த வள்ளத்தில் பின்னர் இயந்திரம் பொருத்தினார்கள். பருமலும் பாயும் சில காலம் வீட்டுக் கூரையின் கீழ்க் கிடந்தன. இன்று அக்கரையில் பாய் விரித்துத் தொழில் செய்வோர் அரியர். பாய்மரக் கலை விளையாட்டாக வேறோரிடத்தில் வளர்கின்றது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியில் கலந்துகொண்டார். அவர் செலுத்திய 'லேசர் ரேடியல்' வகைப் படகு ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமுடையது. அதில் ஒரே மரம், ஒரே பாய், ஒரே ஆள். அங்கேயும் படகு சாயும்பொழுது உடம்பை வெளியே நீட்டித்தான் சமன்செய்யவேண்டும். பக்கப்பலகைக்கு ஈடாக நடுவில் செருகும் பலகை ஒன்று உண்டு. வள்ளத்தில் நால்வர் பகிர்ந்துகொண்ட வேலையை அங்கே ஒருவரே செய்கிறார்: ஒரு கையில் சுக்கானின் கைமரம், மறு கையில் தாமான்.